கையெழுத்துப் போடாத ஆலிம்

கறுப்பு அடிமையாக இருந்து நபிகளாரின் தோழரான, பாங்கு சொன்ன பிலாலைப் பற்றி இங்கே நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, மதரசா பிள்ளைகளுக்கே தெரியும். முஸ்லிம்களிடமும் நிறபேதம் உண்டு என்று யாராவது ஆரம்பித்தால் உடனே அவர் பெயரைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். நானும் பல மேடைகளில் அதைத்தான் செய்திருக்கிறேன். சரி, பிலாலுக்குப் பிறகு ஆயிரம் வருஷம் என்ன நடந்தது?

அரபியில் 'அப்து' என்றால் அடிமை. அப்துல்லா என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோமே, அதே சொல்தான். ஆனால் சந்தைப் பேச்சில் அது கறுப்பு அடிமைக்கே ஒட்டிக்கொண்டது. துருக்கிய, சர்க்காசிய வெள்ளை அடிமைக்கு 'மம்லூக்' என்று வேறு பெயர். அந்த மம்லூக்குகள் 1250 முதல் 1517 வரை எகிப்தையே ஆண்டார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் திம்புக்டுவில் அஹ்மத் பாபா என்று ஒரு பெரிய ஆலிம், அதாவது மார்க்க அறிஞர். மொராக்கோ படை பிடித்துப்போய் மராகேஷில் வைத்திருந்தது, அவருடைய 1,600 நூல்களும் போயின. ஊர் திரும்பிய பிறகு, 1615இல், சகாராவின் துவாத் பாலைவனச் சோலையிலிருந்து ஒரு கேள்வி வருகிறது: நூஹ் (நோவா) நபியின் மகன் ஹாமுக்குச் சாபம், அதனால் கறுப்பர்கள் அடிமைகள் என்கிறார்களே, சரியா? சரியில்லை என்றார். காரணம் நிறம் அல்ல, இறைமறுப்புதான். சுதந்திர முஸ்லிமை, அவன் எந்த நிறமானாலும், அடிமையாக்க முடியாது. கவனியுங்கள், அடிமைமுறையே கூடாது என்று அவரும் சொல்லவில்லை. அந்த வாசல் திறந்தே கிடந்தது.

அந்த அரைகுறை வேலியையும் தாண்டினார் மொராக்கோ சுல்தான் மூலாய் இஸ்மாயில். அவருக்குத் தனக்கென்றே ஒரு கறுப்புப் படை வேண்டும். ஹராத்தீன் என்ற கருநிற மக்கள் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள், சுதந்திரமானவர்கள். உங்கள் பாட்டன் யாருக்கோ அடிமை என்று சொல்லி அவர்கள் பெயர்களையும் அடிமைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஃபெஸ் நகர உலமாக்கள், அதாவது ஆலிம்கள், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பலர் போட்டார்கள். ஜஸ்ஸூஸ் என்ற ஒருவர் மறுத்தார். சொத்தைப் பிடுங்கினார்கள், சிறையில் போட்டார்கள், 1709இல் கொன்றார்கள். பிலாலைச் சொல்லும் நம் மேடைகளில் இவர் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஹராத்தீன் என்ற பெயர் இன்றும் மௌரித்தானியாவில் உண்டு, அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு. அங்கே அடிமைமுறையை ஒழித்ததாக அறிவித்தது 1981இல். அடிமை வைத்திருப்பவருக்குத் தண்டனை என்று சட்டம் வந்தது 2007இல். நடுவில் 26 வருஷம், அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இல்லை.