அம்பத்தூரை நிமிர்த்தியது லேத்தா, லேப்டாப்பா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"அம்பத்தூரின் புது வளர்ச்சிக்குக் காரணம் பழைய பட்டறைகளா, புதிய ஐ.டி. கட்டடங்களா?" என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஐ.டி. கட்டடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். ஆலைகள் மூடின, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது, வாடகை ஏறியது, ராத்திரி 2 மணிக்கும் டீ கிடைக்கிறது, ஊர் பிழைத்துக்கொண்டது என்றார். ஐயா, மூன்று ஷிஃப்ட் ஓடும் எஸ்டேட்டுக்கு, அதாவது நம் தொழிற்பேட்டைக்கு, ராத்திரி டீ ஐ.டி. கொண்டுவந்த வரமா?

ஊர் வளர்ந்த வழியைப் பாருங்கள். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பக்கத்துப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்ற வண்டி உதிரிபாக ஆலைகள். இவற்றுக்குப் பின்னாலேயே 1964-இல் தொழிற்பேட்டை. ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், ஆயிரத்துக்கு மேல் சிறு ஆலைகள். டன்லப் டயர் ஆலை ஓய்ந்து வருஷக்கணக்காகிறது. இன்றும் பஸ்ஸில் "டன்லப் ஒண்ணு" என்று கேட்டால் டிக்கெட் கிடைக்கிறது. பெரிய ஆலை போனது, சுற்றியிருந்த பட்டறைகள் போகவில்லை. அதைத்தான் விளக்கப் போகிறேன்.

ஒரு கியர் ஷாஃப்டை, அதாவது பல் வெட்டிய சுழல் தண்டை, எடுத்துக்கொள்வோம். இ.என். 353 உருக்குக் கம்பி. முடிந்த விட்டம் 25 மி.மீ., அதில் 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ., வித்தியாசம்தான் விடலாம். முதல் பட்டறை கம்பியை அறுத்து, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. லேத்தில் 25.3-க்குக் கடைகிறது. அந்த 0.3 கடைசியில் கல்லால் தேய்க்கும் கிரைண்டிங்குக்கு விட்டுவைத்தது. அடுத்த தெருவில் பல் வெட்டுகிறார்கள். அதற்கடுத்து ஹீட் ட்ரீட்மென்ட்: 920 டிகிரி வாக்கில் கார்பன் ஏற்றி, எண்ணெயில் முக்கி எடுத்தால் மேலே 0.8 மி.மீ. ஆழத்துக்குக் கெட்டியான தோல், அதுதான் கேஸ்; அதன் கடினம் ராக்வெல் அளவில் 58-லிருந்து 62. கடைசியில் கிரைண்டிங். இத்தனை வேலையும் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நாலு முதலாளி, நாலு டெலிவரி சலான், ஒரு குட்டி யானை.

தப்பு எங்கே நடக்கும்? எண்ணெயில் முக்கும்போது ஷாஃப்ட் வளையும். இரண்டு முனையையும் சென்டரில் மாட்டிச் சுழற்றி, நடுவில் டயல் என்ற அளவுமானியை வைத்தால் 0.4 ஆட்டம் காட்டுகிறது என்று வையுங்கள். அதாவது நடுப்பகுதி 0.2 விலகியிருக்கிறது. கிரைண்டிங்குக்கு இருப்பதோ பக்கத்துக்கு 0.15. ஒரு பக்கம் கல்லே படாமல் கருப்பாக நிற்கும், எதிர்ப்பக்கம் 0.35 போய்விடும். 0.8 கேஸில் மிஞ்சுவது 0.45. அளவு சரியாக வந்தாலும் ஓட்டத்தில் அந்தப் பக்கம் முதலில் தேயும்.

இதைக் கண்டுபிடிப்பவர் கிரைண்டிங் ஆபரேட்டர், அதுவும் ஐந்தாவது பீஸிலேயே. ஷாஃப்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டி ஹீட் ட்ரீட்மென்ட் சூப்பர்வைசரிடம் காட்டுகிறார். "படுக்க வெச்சா அடுக்கினீங்க?" என்று ஒரு கேள்வி. அடுத்த லோடில் ஷாஃப்டுகள் ஃபிக்ஸ்சரில் நெட்டுக்குத்தாகத் தொங்குகின்றன; வளைவு குறைகிறது. ஒரு பகலில் முடிந்தது. இதே ஹீட் ட்ரீட்மென்ட் வேறொரு ஊரில் இருந்தால் 500 பீஸும் வெந்து வந்து சேர்ந்த பிறகுதான் சேதி தெரியும். இந்தக் கூப்பிடு தூரம்தான் அம்பத்தூரின் சொத்து. வெளியூர்க் கம்பெனிக்காரர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு இங்கே வருவது கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்கவா?

ஐ.டி. கம்பெனிக்கு அம்பத்தூர்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தரமணி இருக்கிறது, சிறுசேரி இருக்கிறது. குத்தகை முடிந்தால் மூட்டை கட்டலாம். லேத்தையும் ஃபர்னஸையும், அதைவிட முக்கியமாக அந்த ஐந்தாவது பீஸைப் பிடிக்கும் கண்ணையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, அரக்கோணம் லைனில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடக்கிற பையனுக்கு அந்தக் கண் வர ஏழெட்டு வருஷம் ஆகும்.

"வெள்ளம் வந்தால் உங்கள் பட்டறை என்ன ஆகும்?" என்று எதிரணி கேட்டது. நல்ல கேள்வி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த சி.என்.சி. மெஷினில் தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு மெயின் சுவிட்சைப் போட்டால் மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டியான டிரைவ் போச்சு. பேனலைத் திறந்து சேற்றைக் கழுவி உலர்த்த வேண்டும். மோட்டாரைக் கழற்றி சூட்டில் வைத்து, மெக்கர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும். எண்ணெய் அத்தனையும் மாற்ற வேண்டும். சுழலும் அச்சான ஸ்பிண்டில் முங்கியிருந்தால் பேரிங் புதிதுதான். கன்ட்ரோல் பேட்டரி செத்திருந்தால் மெஷினின் செட்டிங்கான பாராமீட்டர் அழிந்திருக்கும். பேக்கப் எடுத்து வைக்காதவர் பாடு திண்டாட்டம். இத்தனைக்கும் ஆள் எங்கே கிடைத்தார்? அதே எஸ்டேட்டில். மோட்டார் காயில் கட்டுபவர், பேனல்காரர், ஸ்பிண்டில் ரிப்பேர்காரர் எல்லாம் அடுத்தடுத்த ஷெட். கண்ணாடிக் கட்டடத்துக்கு வெள்ளம் வந்தால் "வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று ஒரு மெயில்.

கொரட்டூர் ஏரியில் கழிவு கலந்ததை மறைக்க மாட்டேன். அது எங்கள் பக்கத்துக் கறை. ஐ.டி. வந்ததால் ரோட்டுக்கும் விளக்குக்கும் கவனம் கூடியதையும் மறுக்கவில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததற்கும் அதில் பங்குண்டு, அந்தப் பாராட்டை முழுக்க ஐ.டி.க்கே எழுதிவிடாதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவருக்கு ஒரே கேள்வி. உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், அதன் தேய்ந்த புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) ஒன்றை நாளைக்குள் புதிதாகக் கடைந்து வாங்கணும் என்றால், எந்த மாடிக்குப் போவீர்கள்?