தோட்டத்துக் குட்டையை மூடிவிடாதீர்கள்

பத்து காஜா வட்டார நேயர்களுக்கும், மற்ற ஊர்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேங்கி நிற்கிற தண்ணீரைக் கண்டாலே ஆகாது. "கொசு வரும், மண்ணைப் போட்டு மூடு" என்பதுதான் முதல் பேச்சு. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ரப்பருக்காகக் காட்டை அழித்த காலத்தில் மலேரியா நம் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். காய்ச்சல் குறைந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு வேறு. வெயில் படுகிற தெளிந்த ஊற்றோடையில்தான் அது முட்டையிடும். மரத்தை வெட்டி வெயிலை விட்டது அதற்கு வசதியாகப் போய்விட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு கொசுவுக்கும் அதனதன் தண்ணீர் உண்டு. இன்றைக்கு நம்மைப் படுத்துகிற டெங்கிக் கொசுவைக் குளத்தில் தேடிப் பயனில்லை. அது பழைய டயரில், பூச்சட்டித் தட்டில், கூரைத் தகரத்தின் மடிப்பில் நிற்கிற கொஞ்சம் தண்ணீரில் இருக்கிறது. ஏனென்றால் அங்கே அதைத் தின்ன யாரும் இல்லை. குளத்தில் இருக்கிறார்கள்.

உயிருள்ள ஒரு குளத்தின் ஓரத்துச் சேற்றைக் கொஞ்சம் அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். சேற்று நிறத்தில், ஆறு காலோடு, அசையாமல் ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். தும்பியின் குஞ்சு அது. அதன் கீழுதடு தலைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். கொசுப்புழு நெளிந்து பக்கத்தில் வந்ததும் அந்த உதடு சட்டென்று நீண்டு, நுனியிலுள்ள கொக்கிகளால் கவ்வி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். பல வாரம், சில வகைகளில் பல மாதம், இதே வேலைதான். பிறகு ஒரு நாள் புல் தண்டில் ஏறி, முதுகு வெடித்து, தோலை அங்கேயே விட்டுவிட்டுத் தும்பியாகப் பறந்துவிடும். அப்போதும் அதன் சாப்பாட்டில் கொசுவுக்கு இடம் உண்டு.

நான் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை நிலம் வைத்திருக்கிறேன். உங்களில் பலருக்கும் அப்படி இரண்டு மூன்று ஏக்கர் இருக்கும். அந்த நிலத்தில் எங்காவது தாழ்வான ஒரு மூலை இருக்கும். மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும், வேர் அழுகும், அங்கிருக்கிற மரம் சரியாகக் குலை தள்ளாது. உரத்தைக் கொட்டி அதனோடு போராடுவதை விட்டுவிட்டு அந்த மூலையைக் குளத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் கேட்க வந்தது.

குளம் என்றதும் நம் பக்கத்தில், வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்த ஈயக்குட்டைதான் நினைவுக்கு வரும். இங்கிருந்து தஞ்சோங் துவாலாங் போகிற வழியெல்லாம் அவைதானே! 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை விழுந்து, சுரங்கங்கள் மூடிக் கிடந்தபோது, நாரையும் கொக்கும் யாரையும் கேட்காமல் வந்து குடியேறின. கிந்தா இயற்கைப் பூங்காவில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ஆனாலும் ஈயக்குட்டையை முன்மாதிரியாக எடுக்காதீர்கள். கரை செங்குத்து, ஆழம் அதிகம், பிள்ளைகளுக்கும் ஆபத்து. சின்ன உயிர்கள் வாழ்வது முழங்காலுக்குக் கீழான ஓரத் தண்ணீரில்தான். பெரிய குளத்தில் ஓரம் கொஞ்சம், நடு அதிகம். சின்னக் குளம் முழுக்கவே ஓரம். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் போதும். கரை ஒரே சரிவாக மெல்ல இறங்க வேண்டும். தவறி இறங்கிய பிள்ளையும் நடந்தே மேலே வந்துவிடலாம்.

அப்புறம், மீன். குளம் வெட்டியதும் முதலில் கை அரிப்பது திலாப்பியா விடத்தான். தயவுசெய்து விடாதீர்கள். அது தவளை முட்டையைத் தின்னும், சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்தப் பண்டாராயா மீனும் வேண்டாம். கோடையில் குளம் ஒரு முறை வற்றினால் வருத்தப்படாதீர்கள், தவளைக்கு அது நல்லது. மீன் இல்லாத தண்ணீரைத்தான் பல தவளைகள் தேடி வருகின்றன. நம் மரத்தவளை தண்ணீருக்கு மேலே சாய்ந்த புல்லிலோ மட்டையிலோ, முட்டை வெள்ளையை அடித்து வைத்ததுபோல ஒரு நுரைக்கூடு கட்டும். சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கீழே தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அது நம்மிடம் கேட்பது.

தண்ணீர் மழையிலிருந்து வரட்டும். நம் ஊருக்கு மழையா பஞ்சம்? உரம் கரைந்து வருகிற வாய்க்காலைக் குளத்தோடு இணைத்தால் பாசி மூடிவிடும். குளத்தைச் சுற்றி ஐந்து மீட்டருக்காவது உரமும் களைக்கொல்லியும் போடாதீர்கள். செடி வாங்கி நட வேண்டியதில்லை, தானே வரும். ஆகாயத் தாமரையை மட்டும் கண்டவுடன் பிடுங்கிவிடுங்கள்.

பழைய குட்டை ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் நார்ஃபோக் என்ற பகுதியில், வயலுக்குச் சுண்ண மண் எடுக்க அந்தக் காலத்தில் வெட்டிய குழிகள் குளங்களாகி இருந்தன. பிற்பாடு பலவற்றை மூடி உழுதுவிட்டார்கள். மிச்சமிருந்தவற்றில் பல, மரம் அடர்ந்து இருண்டுவிட்டன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் விவசாயிகளோடு சேர்ந்து மரத்தை வெட்டி, சேற்றை அள்ளி, வெயிலை விட்டார்கள். நீர்ச்செடி வந்தது. அதன் பின்னால் பூச்சி, பூச்சியின் பின்னால் பறவை. மூடிய குளங்களைத் தோண்டியபோது, 150 ஆண்டு வரை மண்ணுக்குள் கிடந்த விதைகள்கூட முளைத்தன. அது குளிர் நிலம், நம் சூட்டில் விதை அத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயில் விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும். வளர்ந்த செம்பனையின் கீழே மத்தியானத்திலும் இருட்டு. ஒரு பக்கத்து மரம் ஒன்றிரண்டை எடுத்தால்தான் குளம் உயிர் பிடிக்கும். மறுநடவு செய்கிற சமயமென்றால் அந்த இடத்தில் நடாமல் விட்டாலே போதும்.

தூர் வாருவது நமக்குப் புதிதா என்ன? கோடை வந்தால் ஊரே கூடி ஏரியில் இறங்கிய பரம்பரை நாம். கப்பலேறி இங்கே வந்தபோது நிலம் துரையுடையது, குளம் வெட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. இன்றைக்கு நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. தூர் வாரும்போது ஒரே மூச்சில் முழுவதையும் அள்ளிவிடாதீர்கள். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு பாதி. அதற்குள் இருக்கிறவை ஒதுங்க இடம் வேண்டுமே.

பாம்பு வருமா என்று கேட்பீர்கள். செம்பனையில் எலி இருக்கிறவரை பாம்பு இருக்கத்தான் செய்யும், குளம் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும்.

ஜூன், ஜூலையில் நம் பக்கம் மழை சற்றுக் குறையும். அப்போது தோண்ட வசதி. மண்வாரி வைத்திருப்பவரிடம் இப்போதே பேசி வையுங்கள். அள்ளிய மண்ணைத் தாழ்ந்த பக்கம் கரையாகப் போடச் சொல்லுங்கள். மேட்டுப் பக்கம் குவித்தால் முதல் மழையிலேயே அது திரும்பக் குளத்துக்குள் வந்துவிடும். நன்றி, வணக்கம்.