உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் சிங்கப்பூரில் டிரெய்லர் ஓட்டியவன். 1989ல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் ஏற்றத் தொடங்கி, பாசிர் பாஞ்சாங், ஜூரோங், துவாஸ் என்று துறைமுகம் மேற்கே நகர நகர நானும் கூடவே நகர்ந்தேன். 2023ல் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்று உங்களிடம் பேச வந்திருப்பது ஓட்டுநர்களின் சாப்பாட்டைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தைப் பற்றி.

பயனியர் ரோட்டுப் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு கேன்டீன் இருந்தது. தகரக் கூரை. நாலு கடை. அதில் ஒன்று நம் ஆட்கள் கடை. அதை நடத்திய அம்மாவை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். காலை ஐந்து மணிக்கே தோசைக்கல் சூடாகிவிடும். பதினொன்றரைக்கு மீன் குழம்புச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கும். அக்கா கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டு ஒரு சுற்று சுற்றி, மேலே எண்ணெயும் அடியில் மசாலாவும் ஒன்றாக வருகிற மாதிரி அள்ளிச் சோற்றின் நடுவில் ஊற்றுவார். ஒரு தட்டு சோறு, இரண்டு காய், ஒரு மீன் துண்டு. இரண்டரை வெள்ளி. சோறும் குழம்பும் மறுபடி கேட்டால் காசு கிடையாது.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. கல்லா மேசையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். சம்பளம் ஏழாம் தேதி வரும். அதுவரை கையில் காசில்லாதவன் சாப்பிட்டுவிட்டு, தன் பெயருக்கு நேரே தானே எழுதிவிட்டுப் போவான். அக்கா அதைச் சரிபார்த்து நான் பார்த்ததில்லை. புதிதாக வந்த பையன் ஒருவன் கூச்சப்பட்டுக்கொண்டு பாலில்லாத தேநீரான தே-ஓ மட்டும் குடித்துவிட்டு எழுந்தபோது, "தம்பி, கை கழுவிட்டு உக்காருங்க, தட்டு வருது" என்றார். அவனிடம் காசைப் பற்றிப் பேசவே இல்லை. நியாய விலை என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் ஞாபகம் வரும். நாளைக்கும் நீ இங்கேதான் வரப்போகிறாய் என்று கடைக்காரருக்குத் தெரியும். உன்னை ஒருநாள் ஏமாற்றிச் சம்பாதிப்பதில் அவருக்கு என்ன லாபம்?

அந்தக் கட்டடம் இடிபட்டது. புதிதாக எழும்பிய கட்டடத்தில் கேன்டீன் இல்லை. வாசலில் மூன்று தானியங்கி இயந்திரங்கள் நிற்கின்றன. காசைப் போட்டால் பெட்டிச் சோறு சூடாக விழும். அதை எங்கே வைத்துத் தின்பது என்று கட்டியவர்கள் யோசிக்கவில்லை. அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. என் தங்கை மகன் அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்தில் பெரிய லாரி ஓட்டுகிறான். அந்த நாட்டில் நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிகளுக்கென்றே பெரிய நிறுத்தங்கள் உண்டு. டீசல், குளியலறை, தூங்க இடம், எல்லாம் ஒரே வளாகத்தில். முன்பெல்லாம் அங்கே பரிமாறுகிறவர் மேசைக்கு வந்து கேட்டுப் பரிமாறும் உணவகம் பெரும்பாலும் இருக்கும். இப்போது பல இடங்களில் அது போய், கவுன்ட்டரில் பர்கர் வாங்கிக்கொண்டு ஓடும் கடைகள் வந்துவிட்டன. "மாமா, உக்காந்து சாப்பிட்டா கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றான்.

அந்தக் கடிகாரம் என்ன என்று கேட்டேன். அந்த நாட்டுச் சட்டப்படி சரக்கு லாரி ஓட்டுநர் வேலையில் இறங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். முன்பு அதைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 2017 டிசம்பரிலிருந்து மின்னணுக் கருவி வண்டியிலேயே பதிகிறது. களைப்போடு ஓட்டி விபத்து நேரக்கூடாது என்று வந்த சட்டம். நல்ல சட்டம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிதானமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அந்த 14 மணி நேரம் நிற்காமல் கரைகிறது. எட்டு மணி நேரம் ஓட்டியபின் அரை மணி நேர இடைவெளி கட்டாயம். அந்த அரை மணியில் டீசல் போட்டு, குளித்து, சாப்பாட்டையும் முடிக்கப் பார்க்கிறார்கள். இதற்கு மேல் 2020ல் கொரோனா வந்து உணவகங்களைப் பூட்ட வைத்தது. பூட்டியதில் சில மறுபடி திறக்கவே இல்லை.

அங்கேயே ஒரு நல்ல செய்தியும் உண்டு. பஞ்சாபி ஓட்டுநர்கள் பெருகியதால், ஐ-40 நெடுஞ்சாலையில் ஓக்லஹோமா பக்கம் டாபாக்கள், அதாவது பஞ்சாபிச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகள், முளைத்திருக்கின்றன. சூடான ரொட்டி, பருப்பு, மசாலாத் தேநீர். என் தங்கை மகன் அங்கே நிறுத்துவதற்காகவே நேரத்தைக் கணக்குப் போட்டு ஓட்டுகிறானாம்.

நம் பக்கம் வருகிறேன். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முழுமையாகத் திறந்ததும் நாங்கள் பழைய சாலையை விட்டுவிட்டோம். அந்தப் பழைய சாலையில் உள்ள ஆயர் ஹீத்தாம் ஊரில் லாரிகளும் பேருந்துகளும் நிறைந்து கிடந்த கடைகளுக்குக் கூட்டம் குறைந்தது அப்போதுதான். இருந்தாலும் அந்த நெடுஞ்சாலையில் மச்சாப், பாகோ என்று ஓய்விடங்கள் உண்டு. வண்டியை நிறுத்தலாம், கை கழுவலாம், மேசையில் உட்காரலாம். சிங்கப்பூர் சின்ன ஊர், அரை நாளில் சுற்றிவிடலாம், இங்கே எதற்கு ஓய்விடம் என்று கேட்பவர்கள் துறைமுக வாசல் வரிசையில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். பலருக்கு டிரிப் கணக்கில்தான் காசு. வரிசையை விட்டால் டிரிப் போகும். அதனால் பொட்டலம். ஸ்டியரிங்கின்மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, ஒரு கை சோற்றில், ஒரு கண் முன்வண்டியின் பிரேக் விளக்கில்.

நானும் அப்படித்தான் தின்றேன். ஒருநாள் வரிசை திடீரென்று நகர, சூடான சாம்பார் தொடையில் கொட்டியது. துடித்ததில் கால் பிரேக்கிலிருந்து நழுவி, முன்னால் இருந்த வண்டிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றேன். பின்னால் ஏற்றியிருந்தது நாற்பதடிக் கொள்கலன். அந்த முழத்தை இன்றும் மறக்கவில்லை.

நம் உணவங்காடிக் கலாசாரத்தை 2020ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 110க்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் நமக்கு உண்டு. 2018 முதல் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தான் புதிதாக வாடகைக்கு விடும், பல உணவுக் கடைகள் சேர்ந்த கோப்பிக்கடைகளில் கட்டுப்படியான விலையில் சாப்பாடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2023ல் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கடைகளுக்கும் அது வந்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கடைகள் அடுக்குமாடி வீட்டு புளோக்குகளுக்குக் கீழே இருக்கின்றன. கொள்கலனோடு 15 மீட்டருக்கு மேல் நீளும் வண்டியை அங்கே எங்கே நிறுத்துவது? கனரக வாகனம் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் நிற்க வேண்டும். அந்த இடங்களில் பெரும்பாலும் நிழல்கூட இருப்பதில்லை.

விலை ஏறியதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2022ல் தெம்பனிஸில் ஒரு கோப்பிக்கடை 41 மில்லியன் வெள்ளிக்கு மேல் கைமாறியது. அவ்வளவு போட்டவர் அதை வாடகையில்தான் எடுப்பார், வாடகை கட்டுபவர் தட்டில்தான் எடுப்பார். பொருள் சேவை வரி 2023ல் எட்டு விழுக்காடு, 2024ல் ஒன்பது. எண்ணெய், கேஸ், மீன், ஆள் சம்பளம் எல்லாம் கூடியது. நிலம் யாருடையதோ அவர் வாடகையைக் குறைக்காமல் தட்டின் விலை குறையாது. ஆகவே நான் கேட்பதும் நிலத்தைத்தான்.

துவாஸ் துறைமுகம் இன்னும் கட்டி முடியவில்லை. 2040களில்தான் முழுமை பெறும். வரைபடத்தில் இன்னும் வெற்றிடம் இருக்கிறது. கனரக வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு கூரை, நாற்பது நாற்காலி, நாலு மின்விசிறி, குறைந்த வாடகையில் மூன்று கடை. வீவக வைத்த அதே விலை நிபந்தனை இங்கேயும். ஓட்டுநர் உட்காரும் இருபது நிமிடம் வரிசையில் அவர் இடம் போகாமல் இருக்க, கைப்பேசியில் முறை எண். விமான நிலையத்தில் டாக்சிகள் தனி இடத்தில் காத்திருந்து முறைப்படி போகவில்லையா?

அக்கா இப்போது பூன் லேயில் மகள் வீட்டில் இருக்கிறார். வானொலியில் பேசப்போகிறேன் என்று போன வாரம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி. கை கழுவ ரெண்டு குழாயாவது வைக்கச் சொல்லுங்க. நம்ம கேன்டீன்ல ஒன்னுதான் இருந்துச்சு, மத்தியானத்துல பிள்ளைங்க வரிசையில நிப்பாங்க" என்றார்.

இரண்டு குழாய், நேயர்களே. வணக்கம்.