பிள்ளை நன்றாக இருக்கும்போதுதான் ஊசி

நேயர்களுக்கு வணக்கம். ருமாட்டிக் காய்ச்சல் வந்து தேறிய பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்று முக்கியமாக உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் வருகிற நோய் இது. முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வரும், அது தானாகவே போயும்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கும், அது தணிவதற்குள் கணுக்கால், அப்புறம் முழங்கை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூட்டு முழுசாகக் குணமாகிவிடும். இதயத்தின் வால்வு, அதாவது ரத்தம் ஒரே திசையில் போகத் திறந்து மூடும் கதவு, அப்படியில்லை. கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பாற்றல், ஆள் தெரியாமல் இதயத்தையும் தாக்கிவிடுகிறது. வால்வின் இதழ்கள் கசியத் தொடங்கும், போகப் போகத் தடித்து ஒன்றோடொன்று ஒட்டி வழியே குறுகிவிடும். அதிகம் அடிபடுவது இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வுதான்.

ஒரு தடவை வந்தவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு மிக அதிகம், வருகிற ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்கத்தான் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. வலிக்கிற ஊசிதான், மறுக்கவில்லை. ஆனால் "நல்லாத்தானே ஓடி ஆடுறான், இன்னும் எதுக்கு ஊசி" என்று நிறுத்திவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். அவன் நன்றாக இருப்பதற்கே அந்த ஊசியும் ஒரு காரணம். இதயம் பாதிக்கப்படாவிட்டாலும் குறைந்தது 5 வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். வால்வில் பாதிப்பு தங்கிவிட்டால் 40 வயது வரைகூடப் போகும், சிலருக்கு ஆயுள் முழுக்க.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வால்வு சுருங்கியது பல வருடம் தெரியாமலே இருந்து, கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடும்போது மூச்சுத் திணறலாக வெளிப்படும். சிலருக்குத் தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக பலூன் செலுத்தியே வால்வை விரிக்கலாம். கெட்ட வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள்.

சரி, ஊசி போடும் தேதி தவறிவிட்டதா? திட்டுவார்களோ என்று தயங்கி அப்படியே விட்டுவிடாதீர்கள், நாளைக்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.