நூலகத்துக்காக மைக் பிடித்தேன்

வணக்கம் மக்களே! எங்கள் கல்லூரி மாவட்ட வாரியக் கூட்டம் முடிந்து இப்போதுதான் காரில் வந்து உட்கார்ந்தேன். கல்லூரி மாவட்டம் என்றால் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் சில கல்லூரிகள், வாரியம் அவற்றை நடத்தும் குழு. கை இன்னும் நடுங்குகிறது. நூலகத்தை இரவு 7 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள் என்று போன வீடியோவில் கத்தினேன் இல்லையா, அதை மைக்கிலேயே சொல்லிவிட்டேன்!

மூன்று நிமிடம்தான் தருவார்கள். எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு. "பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து படிப்பது?" என்று கேட்கும்போதே மஞ்சள் எரிந்துவிட்டது. அந்த மஞ்சளைப் போல் எரிச்சலூட்டும் பொருளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சிவப்பு வருவதற்குள் கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தேன். கடைசி வரி வரைக்கும்!

வாரியத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நன்றி, அடுத்தவர் வரலாம், அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடைவேளையில் மாணவர் டிரஸ்டிதான் விளக்கினார். சொல்ல மறந்துவிட்டேனே, கலிஃபோர்னியாவில் வாரியத்தில் ஒரு மாணவரும் உட்காருவார். இப்படிப்பட்ட கூட்டங்களைப் பொதுமக்கள் முன் வெளிப்படையாக நடத்தச் சொல்லி 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தை அங்கேயே விவாதிக்கக் கூடாது. நம் பேச்சு இவர்கள் காதில் ஏறாது என்று இத்தனை நாள் நினைத்தேனே, அதில் பாதி இந்தச் சட்டம்!

மீதிப் பாதிக்கு அவர்கள்தான் பொறுப்பு. எங்கள் கல்லூரித் தலைவரான பிரசிடென்ட் பெயர் என்ன என்று வகுப்பில் கேட்டேன். மூன்று பேருக்குத்தான் தெரிந்தது. ஒருவன் சான்சலர் பெயரைச் சொன்னான். அவர் மாவட்டத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் மேலே இருப்பவர். அவன் மேல் தப்பில்லை. நீளமான மின்னஞ்சலிலும் பட்டமளிப்பு மேடையிலும் மட்டும் தெரிகிற முகம் யாருக்கு நினைவிருக்கும்? ஆலோசகரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கிறோமே, எங்களுக்குத் தலைமை என்றால் அதுதான். "பாடத்தின் அளவைக் கணக்கிடும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தானே கட்டுகிறார்கள், இந்த மாணவர்களுக்கு இது போதும்" என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்களோ என்றுகூடத் தோன்றும்.

அப்புறம், முக்கியமானதை விட்டுவிட்டேன். கிளம்பும்போது பிரசிடென்ட் நடைக்கூடத்தில் என்னைத் தேடி வந்தார். "உங்களுக்கு எந்த நாட்களில் மாலை வகுப்பு?" என்று கேட்டார். நிரல் தாளைத் திருப்பி 'செவ்வாய், வியாழன்' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, உண்மையாகவே.

அடுத்த கூட்டத்தின் நிரலை ஒட்டியதும் முதல் ஆளாகப் போய், அதில் 'நூலகம்' இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.