அங்கோரில் மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம். நாலைந்து நாள் விடுமுறையில் நண்பர்களோடு கம்போடியா போகிறவர்கள் பலர், அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்த்த கையோடு ஏழெட்டுக் கோயில்களுக்கு ஓடி, மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறார்கள். கோயில்களைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில், அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச்சீட்டு. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டே லாபம். 10 நாளுக்குள் விட்டுவிட்டும் போகலாம். சீட்டில் அவரவர் படம் இருக்கும், மாற்றிக்கொள்ள முடியாது. கோயிலுக்குக் கோயில் கேட்பார்கள். விடுதியில் வைத்துவிட்டுப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. விடியலில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுவதால் வெறும் கருநிழல்தான் தெரியும். முகப்பின் வேலைப்பாடு துலங்குவது பிற்பகல் வெயிலில். உதயம் பார்த்தே தீருவேன் என்பவர்கள் முடிந்ததும் கூட்டத்தோடு சிற்றுண்டிக்குப் போகாமல், நேரே சிற்பச் சுற்றுக்குள் நுழையுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஏறக்குறைய காலியாக இருக்கும்.

மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். சுவர் இடக்கைப் பக்கம் வரும்படி நடக்க வேண்டும். நம் வலம்வருதலுக்கு நேர் எதிர்! இறப்போடு தொடர்புபடுத்தப்படும் இந்த எதிர்ச்சுற்றையும் மேற்கு வாசலையும் வைத்து, இது இதைக் கட்டுவித்த கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மனுக்கான நினைவாலயமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளம். அசுரர் 92 பேர், தேவர் 88 பேர். மத்தின் அடியைக் குனிந்து பாருங்கள்: கடைகிற வேகத்தில் மீன்களும் முதலைகளும் துண்டுதுண்டாகச் சிதறுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றி முடிக்கும்போது கடைசியாக வருவது இலங்கைப் போர்.

உச்சி அடுக்குக்கு ஏறத் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கையில்லாச் சட்டைமேல் சால்வை போர்த்தினால் விடமாட்டார்கள். பௌத்த நோன்பு நாள்களில் அந்த அடுக்கு மூடியிருக்கும். தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயோன், தா ப்ரோம் போன்ற மற்றக் கோயில்கள் ‘சிறிய சுற்று’ எனப்படும் வழியில், 17 கிலோமீட்டருக்குள் அடங்கும். நாலு பேருக்கு ஒரு டுக்டுக் (நம் ஆட்டோ போன்ற வண்டி) போதும். நாள் வாடகையைப் புறப்படுமுன் பேசுங்கள். தொலைவிலுள்ள பந்தியாய் ஸ்ரேய்க்குத் தனியாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். 967-இல் எழுந்த அந்த இளஞ்சிவப்புக் கல் கோயில் அளவில் சிறியது, நுணுக்கத்தில் அதற்கு ஈடில்லை.

2023-இல் திறந்த புது விமான நிலையம் அங்கோருக்குப் போகிறவர்கள் தங்கும் சியாம் ரீப் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். திரும்பும் நாளில் பயணத்துக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டாலர் எங்கும் செல்லும்; ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை வாங்கமாட்டார்கள். சில்லறை கம்போடிய நாணயமான ரியலில் வரும், டாலருக்குச் சுமார் 4,000. மிஞ்சும் ரியலை அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கடினம்.