கலெக்டர் லீவு விட்டது பள்ளிக்கூடத்துக்கு, கம்பெனிக்கு இல்லை

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் குரோம்பேட்டை மக்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அடிக்கடி வரும் பள்ளி விடுமுறை கொண்டாட்டமா, திண்டாட்டமா? திண்டாட்டம் என்று பேச வந்திருக்கிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் இப்போதே என்னை முறைக்கிறார்கள். முறையுங்கள் கண்ணுகளா, பரவாயில்லை. உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லாம் என் கட்சி.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஏற்றுமதித் துணி கம்பெனியில் டெய்லர். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட், முடித்து வீடு வந்து சேர காலை ஒன்பது ஆகிவிடும். பெரியவள் ஏழாவது, ஆலந்தூரில் படிக்கிறாள். சின்னவன் இரண்டாவது, இங்கேயே பக்கத்துப் பள்ளிக்கூடம். இதில் என்ன கதை இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிட்டது, அதோ சிரிக்கிறார்கள். குரோம்பேட்டை செங்கல்பட்டு மாவட்டம். ஆலந்தூர் சென்னை மாவட்டம். ரயிலில் போனால் நடுவில் நாலே ஸ்டேஷன். மழைக்கு லீவு விடுவது அந்தந்த மாவட்டத்துக் கலெக்டர். ஆக, ஒரு வீட்டுக்குள்ளே இரண்டு கலெக்டர்!

நவம்பர் மாதம். வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறது. சின்னவனுக்கு இரண்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுவிடும். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்தால், “அம்மா, தாழ்வுப் பகுதி தாழ்வு மண்டலமா வலுப்பெற்றிருக்காம்” என்று தடுமாறாமல் சொல்கிறான். “மீனம்பாக்கத்துல எத்தனை சென்டிமீட்டர்னு பாரும்மா” என்கிறான். ராத்திரி பத்து வரைக்கும் டிவியில் ஓடும் எழுத்தையே பார்க்கிறான். அறிவிப்பு இல்லை. அழுதுகொண்டே தூங்கிவிட்டான்.

காலை ஐந்து மணி. அவள் எழுந்து பார்க்கிறாள், அறிவிப்பு இல்லை. சரி, பள்ளிக்கூடம் உண்டு. இட்லி ஊற்றி, சாதம் வடித்து, இரண்டு டப்பா கட்டியாயிற்று. காயாத சாக்ஸை இஸ்திரி போட்டுக் காய வைத்தாயிற்று. அடுத்து பையனை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, ஒரு கால் ஷூ போட்டாயிற்று. இரண்டாவது ஷூவைக் கையில் எடுக்கிறாள். டிவியில் எழுத்து ஓடுகிறது. செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.

பையன் போட்டான் பாருங்கள் ஒரு குதி! காலில் இருந்த ஷூ பறந்து போய் பிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. பெரியவள் கேட்கிறாள், “அப்போ எனக்கு?” சென்னைக்கு இல்லை. அவள் ஆரம்பித்தாள். “அவனுக்கு மட்டும்தான் மழை பெய்யுதா? எங்க கலெக்டர் வெளியில எட்டிப் பார்க்கவே மாட்டாரா?”

அழுகிற பெண்ணை மழையில் அனுப்பிவிட்டு, குதிக்கிற பையனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, சூப்பர்வைசருக்கு போன் போடுகிறாள். “சார், இன்னைக்கு லீவு விட்டிருக்காங்க சார்.” “யாருக்கு?” “பையனுக்கு சார்.” அவர் சொன்ன பதிலை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். “கலெக்டர் லீவு விட்டது பள்ளிக்கூடத்துக்கும்மா, கம்பெனிக்கு இல்ல.”

இன்னும் முடியவில்லை நடுவர் அவர்களே! கீழ் வீட்டுப் பாட்டி கையில் பையனை ஒப்படைத்து, “ஒன்பது மணிக்கு அவங்கப்பா வந்துடுவாரு பாட்டி” என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்பதே கால். பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து தகவல்: வளாகத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, பிள்ளைகளை வந்து அழைத்துப் போங்கள். தகவல் வந்தது யாருக்கு? அம்மாவின் போனுக்கு. போன் எங்கே? கம்பெனி லாக்கரில். தையல் லைனில் உட்காரும்போது போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பதினோரு மணி டீ இடைவேளையில் திறந்து பார்க்கிறாள், பன்னிரண்டு தவறிய அழைப்பு. சூப்பர்வைசரிடம் ஓடுகிறாள். “சார், பொண்ணுக்கும் லீவு விட்டுட்டாங்க சார்.” அவர் என்ன சொல்லியிருப்பார்? சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். “பள்ளிக்கூடத்துக்கும்மா, கம்பெனிக்கு இல்ல!”

அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஆலந்தூர் போய் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்கு வருகிறாள். சுள்ளென்று வெயில். சின்னவன் நடுத்தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இதையே அந்த வீட்டுக்காரர் பக்கம் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு வந்து படுக்கிறார். கால் மணிக்கு ஒரு தடவை பையன் எழுப்புகிறான். “அப்பா, மழை நின்னுடுச்சு.” “அப்பா, மறுபடியும் தூறுது.” “அப்பா, நாளைக்கும் லீவு விடுவாங்களா?” அந்த மனிதர் தூங்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி மறுபடியும் வண்டி எடுக்க வேண்டும். அவர் டிரைவர். யோசித்துப் பாருங்கள்.

கதை இதோடும் போகவில்லை. லீவு விட்டார்களே, அந்த நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டச் சொன்னார்கள். யாருக்கு? சின்னவனுக்கு. பெரியவளுக்கு வேறொரு சனிக்கிழமை. புதன்கிழமை வந்த மழைக்கு, அந்தக் குடும்பம் இரண்டு சனிக்கிழமையைச் சேர்த்துக் கட்டியது.

ஏன் ஈடுகட்டச் சொல்கிறார்கள்? 2009 கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், ஆறிலிருந்து எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். 220 நாள் பள்ளி என்றால் மீதி 145 நாள் பிள்ளை வீட்டில். அம்மா கம்பெனியில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அது 52. தொழில் நிறுவனங்களுக்கென்று 1958-இல் நம் மாநிலம் போட்ட விடுமுறைச் சட்டப்படி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அதோடு பண்டிகைக்கு ஐந்து. மொத்தம் 61. 145-இல் 61 போனால் 84. அந்த 84 நாளும் அவள் பிள்ளை எங்கே இருக்கும்? இருக்கிற விடுப்பை எல்லாம் இதற்கே கொட்டினாலும் அடையாது. 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். ஏழு வயதுப் பையனுக்குப் பள்ளிக்கூடம்தான் காப்பகம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அதைப் பூட்டிவிட்டால் அவனுக்கு வேறு இடமே இல்லை.

இப்போது எதிரணித் தலைவர் ஐயாவிடம் வருகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மரியாதைக்குரியவர். அவர் இந்த மேடையில் ஒன்று சொன்னார், நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “நாங்கள் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறோம். இவர்களால் பெற்ற ஒன்றை ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இவர்களுக்கு வேண்டியது பள்ளிக்கூடம் இல்லை, பட்டி. காலையில் அடைத்துவிட்டு மாலையில் ஓட்டிப் போக!”

ஐயா, நாற்பது பிள்ளைகளைச் சமாளித்த உங்களுக்குக் கும்பிடு. ஆனால் அந்த நாற்பது பேரைச் சமாளித்தபோது, அதே நேரத்தில், மணிக்கு இத்தனை காலர் தைத்து முடிக்க வேண்டும் என்று யாராவது உங்கள் தலைக்கு மேல் நின்றார்களா? நான் செவிலியர். பதினான்காம் படுக்கைக்கு ஊசி போட்டுக்கொண்டே, பதினைந்தாம் படுக்கைக்கு டிரிப் மாற்றிக்கொண்டே, வீட்டில் இருக்கிற என் பெண் அடுப்புப் பக்கம் போகாமல் நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன்? நாற்பது பேரை என்னிடம் கொடுங்கள், பார்த்துக்கொள்கிறேன். என்னை வார்டிலிருந்து விடுவித்துவிட்டுக் கொடுங்கள்! உங்களுக்கு நாற்பது பிள்ளைகளைப் பார்ப்பது வேலை. எங்களுக்கு வேலைக்கு நடுவில் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

“எங்கம்மா ஒரு நாளும் லீவுக்குப் புலம்பியதில்லை” என்றும் சொன்னார். எப்படிப் புலம்புவார்கள்? வீட்டில் பாட்டி இருந்தார், பெரியம்மா இருந்தார், கல்யாணமாகாத அத்தை இருந்தார். திண்ணை இருந்தது. தெருவில் நாலு வீடு தள்ளிப் போனாலும் காதைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட ஆள் இருந்தது. இன்றைக்கு அந்தப் பாட்டி விழுப்புரத்தில். இங்கே இரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை. இறங்கினால் லாரி போகிற ரோடு. ஐயாவின் அம்மா நல்ல தாய். அவருக்குக் கிடைத்த துணை இவளுக்கும் கிடைத்திருந்தால் இவளும் புலம்ப மாட்டாள்.

இன்னொன்று கேட்கிறேன் ஐயா. உங்கள் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர்கள் தாய் இல்லையா? பிள்ளை படிக்கும் மாவட்டத்தில் லீவு, டீச்சர் வேலை செய்யும் மாவட்டத்தில் பள்ளி. அப்படி ஒரு நாளில் உங்கள் டீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கட்டுமா சார் என்று கேட்டிருப்பார். நீங்கள் நல்ல மனிதர், சரி என்று சொல்லியிருப்பீர்கள். அந்தச் ‘சரி’யைச் சொல்ல எங்கள் சூப்பர்வைசருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் எங்கள் வழக்கு.

பட்டி என்று சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நாங்கள் பிள்ளையை அடைத்து வைக்கவா கேட்கிறோம்? லீவே வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியில் விடுகிறார்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியாருக்குக் கன்னியாகுமரியில் விடுகிறார்கள். ஆழித்தேருக்குத் திருவாரூரில் விடுகிறார்கள். விடட்டும். முன்கூட்டியே தெரியும், விடுப்புச் சொல்லலாம், ஊரிலிருந்து பாட்டியை வரச் சொல்லலாம், பிள்ளையோடு நாமும் தேர் பார்க்கலாம். மழைக்கும் விடத்தான் வேண்டும். 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது, வெள்ளத்தில் பிள்ளையை அனுப்பு என்று இங்கே யார் சொல்வார்கள்? 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது, யாரும் குறை சொல்லவில்லை. நாங்கள் கேட்பது இரண்டு. முடிந்தவரை முந்தின ராத்திரியே சொல்லுங்கள். வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு மேடான இடத்தில் ஒரு கூடத்தையாவது திறந்து வையுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, கேட்டது. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அந்த மிக்ஜாம் சமயம், டிசம்பர் 4. நான்கு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை. அத்தியாவசியப் பணிகளுக்கு மட்டும் விலக்கு. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். முழங்கால் அளவு தண்ணீர். தெருமுனையில் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், மழைக்கோட்டுக்குள் நனைந்துகொண்டு, வடிகால் வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கைக் கையால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்பதற்காக. “பசங்க எங்கக்கா?” என்று கேட்டேன். “உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்தேன்மா. பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னதைப் பார்த்துக்குவான்” என்றார். மழை பெய்கிறது, தண்ணீர் ஏறுகிறது, வெளியே பூட்டு.

அவர் அதோடு இன்னொன்றும் சொன்னார். “ஸ்கூல் இருந்தா காலையிலயே டிபன் போட்டுடுவாங்க, மத்தியானம் முட்டை கிடைக்கும். இன்னைக்கு ராத்திரி மிச்சம் வச்ச சோறுதான் வச்சுட்டு வந்தேன்.” 1982-இல் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று இந்த மாநிலம் அந்தப் பிள்ளைகளின் வயிற்றை நினைத்துத்தான் திட்டம் போட்டது. லீவு விட்ட நாளில் அந்த வயிற்றுக்கு லீவு கிடையாதே ஐயா!

மழை நாளில் யாரெல்லாம் வேலைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர், பால் வண்டிக்காரர், பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ், இந்த அக்கா. ஊரே வீட்டுக்குள் இருக்கும்போது நமக்காக வெளியே நிற்கிறவர்கள் பிள்ளைகள்தான் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கிறார்கள். எனக்கு அந்த ஒன்பது வயதுப் பையனின் பெயர் தெரியாது. அன்றைக்கு வார்டில் இருந்தேனே தவிர, என் மனசு அந்தப் பூட்டில்தான் இருந்தது. சாயந்தரம் திரும்பி வரும்போது அந்த அக்காவைப் பார்த்துப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கியது.

அடுத்த மழையில் உங்கள் தெருவில் அப்படி ஒருவர் வடிகாலைத் திறந்துகொண்டிருந்தால், “பசங்க எங்கக்கா?” என்று கேளுங்கள். பக்கத்தில்தான் வீடு என்று சொன்னால், அவரோடு போய்ப் பூட்டைத் திறந்து அந்தப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஊற்றுகிற தோசையில் அவர்களுக்கும் இரண்டு ஊற்றிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.